சாக்குருவிக்குச் சட்டி வைத்தவர்

நல்லகாமனின் வீட்டார் பல தலைமுறையாகக் காவல்காரர்கள். அடுத்தவர் வயலையும் அடுத்தவர் மாட்டையும் ராத்திரியில் காத்துக் கொடுத்துக் கூலி வாங்கியவர்கள். அதனாலேயே சர்க்கார் அவரை ராத்திரியில் வெளியே விடவில்லை. காக்கத் தெரிந்தவனுக்குத் திருடவும் தெரியும் என்பது சர்க்காரின் எண்ணம். சர்க்கார் எண்ணினால் அதற்குச் சட்டம் என்று பெயர். ஊரில் அதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். மீசை அரும்பிய வயதில் நல்லகாமனின் பத்து விரலையும் மையில் தோய்த்துக் காகிதத்தில் ஒற்றி எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து இருட்டினால் அவர் போலீஸ் சாவடிக்குப் போய்ப் பாயை விரிக்க வேண்டும். நடுச்சாமத்தில் பேர் கூப்பிடும்போது ‘ஆசர்’ என்று குரல் கொடுக்க வேண்டும். விடிந்த பிறகுதான் வீடு. கலியாணம் முடித்த அன்றைக்கும் அப்படித்தான். அவருக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. சர்க்காருக்குப் பகலைப் பற்றி ஆட்சேபணை இல்லை என்பது அதிலிருந்து தெரிகிறது.

கீழக்குயில்குடிக்கு மேற்கே, சமணர் மலையின் மாலை நிழல் வந்து முடிகிற இடத்தில் அவருக்கு ஒன்றேகால் ஏக்கர் நெல்வயல் இருந்தது. கண்மாய்த் தண்ணீர் பாயும். அது வற்றினால் கிணறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் அந்தப் பக்கம் முழுக்க எலி மிகுந்துவிட்டது. எலி நெல்லைத் தின்கிறது என்று பட்டணத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். தின்றால் பரவாயில்லை. தின்பது ஒரு பங்கு, அறுத்துப் போடுவது ஒன்பது பங்கு. கதிர் வெளிவருமுன் பொதி தள்ளி நிற்கிற பயிரைத் தண்டோடு கத்தரித்துச் சேற்றில் சாய்த்துவிட்டுப் போய்விடும். அதுவும் ராத்திரியில்தான். ஊரில் இருக்கிற ஆம்பிளைகள் அநேகமாக எல்லாரும் சாவடியில் பத்திரமாகப் படுத்திருக்கும் நேரம் அது. எலிகளின் கைரேகையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

நல்லகாமன் சாவடி ரைட்டரிடம் போய், அறுப்பு வரைக்கும் வயலில் படுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். ரைட்டர் திண்டுக்கல் பக்கத்துக்காரர். கெட்ட மனிதர் அல்ல. பதிவேட்டை இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“வெளியூர் போறதுன்னாச் சொல்லு. ஒத்தக்கடையில கலியாணமா, ஆனையூர்ல எழவா, சீட்டு எழுதித் தாரேன். அந்தூரு நாட்டாமைகிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வந்துரணும். ஒன் வயலுக்கு நீ போறதுக்கு இதுல ஃபாரம் இல்லையேப்பா.”

அதாவது பத்து மைல் தள்ளிப் போய் ராத்திரி தங்கலாம். ஒரு மைல் தள்ளித் தங்க முடியாது. நல்லகாமன் இதை யோசித்துப் பார்த்தார். யோசிக்க அவருக்கு ராத்திரி நிறைய இருந்தது.

ஒருநாள் ஆடு பத்திக்கொண்டு சமணர் மலைக்குப் போனவர், பாறை இடுக்கு ஒன்றின் கீழே சுண்ணாம்பு தெளித்தாற்போல வெள்ளை எச்சமும், கட்டைவிரல் தடிமனில் கறுப்பு உருண்டைகளும் கிடப்பதைப் பார்த்தார். ஒன்றை எடுத்துப் பிட்டார். உள்ளே மயிரும் எலும்பும் மஞ்சள் பல்லும் இருந்தன. எலியின் பல்லை அடையாளம் தெரியாத சம்சாரி அந்த வட்டாரத்தில் இல்லை. உட்கார்ந்து எல்லா உருண்டையையும் பிட்டு மண்டையோடுகளை வரிசையாக அடுக்கினார். முப்பத்தொன்று. அண்ணாந்து பார்த்தார். இடுக்குக்குள், வெற்றிலையை முகத்தில் ஒட்டிவைத்தது போன்ற வெள்ளை மூஞ்சியோடு இரண்டு கூகைகள் கண்ணை மூடி நின்றன. ஊரில் இதற்குச் சாக்குருவி என்று பெயர். எந்த வீட்டுக்கு மேலே கத்துகிறதோ அந்த வீட்டில் பிணம் விழும் என்பார்கள். நல்லகாமனும் அப்படித்தான் நம்பினார், இப்போதும் நம்பினார். எலி பிடிக்கும் என்பது அதோடு கூடுதலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். தனக்கு ராத்திரி விடுதலை இல்லை என்றால், விடுதலை இருக்கிற ஒருவரை வேலைக்கு வைப்பது என்று முடிவு செய்தார்.

வேலைக்கு வருபவருக்கு வீடு வேண்டும். வீட்டிலிருந்த ஆறு பழைய குடங்களை எடுத்து, வாயை மூடிக் கட்டி, ஒவ்வொன்றின் விலாவிலும் உளியால் ஓட்டை போட்டு, வயலைச் சுற்றியிருந்த வேம்பிலும் புளியிலும் கட்டித் தொங்கவிட்டார். ஒரு மாதத்தில் ஐந்து வீட்டுக்குக் குடி வந்துவிட்டது. ஒன்றில் மைனா. ஒன்றில் அணில். ஒன்றில் குளவி. ஒன்றில் சாரைப்பாம்பு. அது எலி தின்னும் ஜாதிதான் என்று அவர் திருப்திப்பட்டார், அவர் மனைவி சீனியம்மாள் படவில்லை. இன்னொன்றில் கிளிகள் வந்து குடும்பம் நடத்தின. வரப்பில் போட்டிருந்த சோளத்தைத் தின்றே குஞ்சு வளர்த்தன. எலிக்கு எதிராகக் கட்டிய வீட்டில் எலியின் கூட்டாளி வந்து உட்கார்ந்தது. ஆறாவது குடத்துக்கு யாரும் வரவில்லை.

அவருக்குத் தோன்றாத ஒன்று ஊருக்குத் தோன்றியது. விலாவில் ஓட்டை போட்ட குடம் அந்தச் சீமையில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான். சுடுகாட்டில் கொள்ளி வைக்கப்போகிறவன் தோளில் தண்ணீர் ஒழுக ஒழுகச் சுமந்து மூன்று முறை சுற்றிப் போட்டு உடைக்கிற கொள்ளிக்குடம் அது. நல்லகாமன் அதைத் தன் கையாலேயே ஆறு செய்து மரத்தில் தொங்கவிட்டிருந்தார். மூன்று மாதம் அதன் கீழேயே நடமாடினார். எலியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பவனுக்குக் குடத்தில் குடம் தெரிவதில்லை.

சீனியம்மாள் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் கேட்டுவிட்டு வந்தாள். “ஒரு சாவுக்கு ஒரு கொடம் ஒடச்சாப் போதும். நீங்க ஆறு பேருக்கு முன்கூட்டியே கட்டி வச்சிருக்கீகன்னு கெணத்தடியில பேசிக்கிறாளுக. ஆறும் யாரு யாருன்னு பேர்கூடச் சொல்றாளுக.”

அன்றைக்கே ஆறையும் இறக்கினார். கிளிக்குஞ்சுகள் அதற்குள் பறந்துவிட்டிருந்தன. அவற்றுக்கு மட்டும் எல்லாம் நேரத்துக்கு நடந்தது.

பிறகு விளாச்சேரிக்கு நடந்துபோய் ஒரு வேளாரிடம், ஓட்டை போட வேண்டாதபடி வாயே பக்கவாட்டில் இருக்கிற மாதிரி, ஆடு குட்டி போடுகிற அளவுக்குப் பெரிதாக ஒரு சட்டி வனையச் சொன்னார். வேளார் சக்கரத்தை நிறுத்திவிட்டு, பக்கத்தில் வாய் வைத்த சட்டியில் எதை ஊற்றி வைப்பார் என்று விசாரித்தார். காவல்காரனை, என்றார் நல்லகாமன். வேளார் சக்கரத்தை மறுபடி சுற்றிவிட்டார். சட்டியைப் புரட்டாசியில் கிணற்றடிப் புளியமரத்தின் கவட்டையில் உட்கார்த்தி, வைக்கோல் பிரியால் இறுகக் கட்டினார். ஐப்பசி மழைக்கு முன் மலையிலிருந்து சோடி இறங்கி வந்து புகுந்துகொண்டது.

இந்தக் காவலை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அவை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் சாவடிக்குக் கிளம்புவார். அவர் திரும்பும் நேரத்தில் அவை தூங்கப் போயிருக்கும். விடிந்ததும் நேரே மரத்தடிக்கு வந்து, உருண்டைகளைப் பிட்டுத் தலைகளை எண்ணுவார். ராத்திரி போலீஸ்காரர் அவரை எண்ணுவார், காலையில் அவர் எலிகளை எண்ணுவார். ஏழு, எட்டு, சில நாள் பதினொன்று. வயலில் சாய்ந்த தண்டு குறைந்துகொண்டே வந்தது. கார்த்திகை நடுவில் ஏணி போட்டுப் பார்த்தபோது சட்டிக்குள் நான்கு குஞ்சுகள் இருந்தன. ஒன்றுக்கொன்று அளவு குறைந்து, அண்ணன் தம்பி வரிசையில் நின்றபடி அவரைப் பார்த்துப் பாம்பு மாதிரி சீறின.

கிணற்றுக்கு அடுத்த வயல் விருமாண்டியுடையது. நல்லகாமனின் பெரியப்பா மகன். நன்னடத்தை காரணமாக விருமாண்டியின் பேரைக் கைரேகைப் பதிவிலிருந்து அடித்திருந்தார்கள். ஊரில் ராத்திரி நடமாடலாம் என்று எழுத்தில் உரிமை பெற்ற மூன்று ஆம்பிளைகளில் அவர் ஒருவர். ஆகவே அந்த ஊரில் ராத்திரி நடக்கிற தப்பு எதையும் நன்னடத்தைக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க வழியில்லை. இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ராத்திரி வீட்டில் படுப்பவர் என்பதால் சாக்குருவியின் சத்தத்தைக் கேட்கிற பாக்கியமும் அவருக்குத்தான் கிடைத்தது. அவருடைய அப்பா கருத்தக்கண்ணன் இரண்டு வருஷமாகக் கிடையில், படுத்த படுக்கையாகக் கிடந்தார். சொந்தக்காரர்கள் மூன்று முறை வந்து அழுதுவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள்.

விருமாண்டி வரப்பில் நின்று கூப்பிட்டார். “தம்பி, சாக்குருவிக்குச் சட்டி வச்சுக் கூப்பிட்டவன் இந்தச் சீமையிலயே நீ ஒருத்தன்தான். எங்கப்பன் கெடக்குற கெடையப் பாத்துக்கிட்டேதான வச்ச?”

“அண்ணே, பெரியப்பா ரெண்டு வருசமாக் கெடக்காக. குருவி வந்து அம்பது நாளுதான ஆகுது.”

இதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததாலேயே விருமாண்டிக்குக் கோபம் கூடியது. பேச்சு பஞ்சாயத்துக்குப் போனது. பஞ்சாயத்தார் இரண்டு பக்கமும் கேட்டு, இரண்டு பேருக்கும் பிடிக்காத தீர்ப்பாகச் சொன்னார்கள். குஞ்சு பறக்கிற வரைக்கும் சட்டி இருக்கலாம். அதற்கு முன் கருத்தக்கண்ணனுக்கு ஏதாவது ஆனால், நல்லகாமனே தன் கையால் இறக்கிவிட வேண்டும். பிறகு குருவி எதுவும் அந்த நிலத்தில் இருக்கக் கூடாது. நல்லகாமன் சம்மதித்து, சத்தியத்துக்கு அடையாளமாகத் துண்டைப் போட்டுத் தாண்டினார்.

மறுநாளிலிருந்து ஊர் அதுவரை காணாத பாசம் ஒன்றைக் கண்டது. நல்லகாமன் விடிந்ததும் மரத்தடிக்குப் போய்விட்டு, அங்கிருந்து பெரியப்பா வீட்டுக்குப் போனார். வெள்ளாட்டுப் பால் கொண்டுபோனார். அடைகாக்க வைத்திருந்த பெட்டைக்கோழியை அடித்துச் சாறு வைக்கச் சொன்னார். படுக்கைப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவினார். பங்காளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். நிலத்தை எழுதி வாங்கப் பார்க்கிறான் என்று விருமாண்டி சொன்னார். உண்மை இரண்டுக்கும் நடுவில் ஒரு புளியமரத்தில் இருந்தது. கருத்தக்கண்ணனுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. மகன் முன்னாலேயே ஒருநாள் சொன்னார்: “விடுடா. நான் செத்துறக் கூடாதுன்னு இந்த ஊர்ல ஒருத்தன் நெசமா நெனைக்கிறான். அவன ஏண்டா வையிற?”

சாறு குடித்துக் கருத்தக்கண்ணன் எழுந்து உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்தபடி புகையிலை கேட்டார். சாக்குருவி வந்த பிறகு நோயாளி தேறினார் என்பதை ஊரே பார்த்தது. அதனால் சாக்குருவியின் பேர் மாறிவிடவில்லை. நல்லகாமன் தினமும் காலையில் போனதும் கிழவர் கேட்பது ஒன்றுதான்: “குஞ்சு எம்புட்டாச்சு?” தூவி உதிர்ந்தது, இறகு முளைத்தது, மூத்தது சட்டி வாயில் வந்து நின்று இறக்கையை விரித்துப் பார்க்கிறது என்று இவர் சொல்லிக்கொண்டு வருவார். கிழவர் விரலை மடக்குவார்.

மார்கழிப் பனி அந்த வருஷம் கடுமையாக இருந்தது. சளி கட்டியது. சாறு இறங்கவில்லை. ஒரு காலையில் கிழவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இன்னும் எம்புட்டு நாளு?”

“பன்னெண்டு நாளு பெரியப்பா.”

“ஒரு நாலு நாள்ல முடியாதா?”

குஞ்சைச் சீக்கிரம் வளரச் சொல்ல நல்லகாமனுக்குத் தெரியவில்லை, கிழவரைத் தாமதிக்கச் சொல்லவும் தெரியவில்லை. கருத்தக்கண்ணன் தம்மால் முடிந்ததைச் செய்தார். ஐந்து நாள் இருந்தார்.

சாவு வீட்டில் பங்காளி ராத்திரி உட்கார வேண்டும். ரைட்டர் இதற்கும் ஃபாரம் தேடிப் பார்த்து, இல்லாததால் வாய்மொழியாக விட்டார். வாசலில் இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்தினார். பல வருஷத்துக்குப் பிறகு நல்லகாமன் சாவடிக்கு வெளியே கழித்த முதல் ராத்திரி அது. வயல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. போக முடியாது. பந்தலுக்குக் கீழே கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். ஒப்பாரி ஓய்ந்திருந்த ஒரு நேரத்தில், துணியை நீளமாகக் கிழிப்பது போன்ற சத்தம் ஒன்று கிணற்றுப் பக்கத்திலிருந்து வந்தது. பெண்கள் காதைப் பொத்தினார்கள். விருமாண்டி திரும்பி இவரைப் பார்த்தார். நல்லகாமன் தலையைக் குனிந்துகொண்டார். தன் காவல்காரன் வேலை செய்வதை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். முகத்தில் என்ன தெரிந்துவிடுமோ என்று பயந்து துண்டால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அழவும் செய்தார்.

மறுநாள் பாடைக்குத் தோள் கொடுத்தார். மொட்டை போட்டார். விருமாண்டி கொள்ளிக்குடம் உடைத்தபோது சுடுகாட்டில் சில கண்கள் இவர் பக்கம் வந்து போயின. தலை முழுகிய கையோடு எல்லாரும் புளியமரத்தடிக்கு வந்து நின்றார்கள். நல்லகாமன் ஏணி போட்டார். கீழிருந்தபடி, ஏழே நாள் பொறுத்தால் தாமே பறந்துவிடும் என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

விருமாண்டி கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் மறுத்துப் பேச ஏதாவது கிடைத்திருக்கும். “எங்கப்பனுக்கு ஏழு நாளு யாரு குடுத்தா தம்பி?” என்றார்.

நான்கு குஞ்சுகளையும் துண்டில் கட்டி, சட்டியை உடையாமல் இறக்கினார். வாக்குப்படி அவை அந்த நிலத்தில் இருக்கக் கூடாது. மலைக்கு நடந்தார். பழைய இடுக்கில் அவற்றை வைத்துவிட்டுப் பார்த்தார். மூத்தது இறக்கையை விரித்து நின்றது. இளையதற்கு இன்னும் கழுத்தில் தூவி போகவில்லை. தாய்க்கு இடம் தெரியுமா என்று யாரிடம் கேட்பது? சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் சாவடியில் இருக்க வேண்டும். ஓடினார்.

அன்று ராத்திரியும் அடுத்த ராத்திரியும் சோடி புளியமரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தியதாகச் சீனியம்மாள் சொன்னாள். மலைப்பக்கம் ஒன்றும் கேட்கவில்லை என்றாள். அவர் அடுத்த நாள் காலையில் ஓடிப்போய்ப் பார்த்தபோது இடுக்கு காலியாக இருந்தது. இறகோ ரத்தமோ இல்லை. பறந்திருக்கலாம். நரி தூக்கியிருக்கலாம். அதற்குப் பின் யார் கேட்டாலும், கேட்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டில் ஒன்றைச் சொன்னார். மூன்றாம் ராத்திரியிலிருந்து மரத்தில் சத்தம் இல்லை. தையில் அறுத்தபோது பாதி நெல் சேற்றில் கிடந்தது. விருமாண்டி வயலில் பாதிக்கு மேல். கூகைக்கு வரப்பு தெரியாததால் அதுவரை இரண்டு பேர் வயலையும் காத்து வந்திருக்கிறது.

நாற்பத்தேழில் சட்டம் போனது. தண்டோரா போட்டுச் சொன்னார்கள். நல்லகாமன் அதை நம்புவதற்குப் பத்து நாள் ஆனது. பத்து நாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு சாவடிக்குப் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். பிறகு மாட்டுக் கொட்டத்திலிருந்து அந்தச் சட்டியை எடுத்தார். பன்னிரண்டு வருஷமாகச் சீனியம்மாளின் கோழிகள் அதில்தான் முட்டை இட்டுக்கொண்டிருந்தன. பக்கத்தில் வாய் வைத்த சட்டி கோழிக்கு வசதி. கழுவி எடுத்துப் போய் விருமாண்டியிடம் கேட்டார். விருமாண்டிக்குத் தலை நரைத்திருந்தது. “நான் இன்னும் கெடையில விழலடா. வச்சுக்க,” என்றார். ஐப்பசியில் மலையிலிருந்து ஒரு சோடி வந்தது. பழைய குஞ்சுகளில் ஒன்றா, வேறா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அது பழையதுதான் என்று நல்லகாமன் முடிவு செய்துகொண்டார்.

கம்பளியை எடுத்துக்கொண்டு ஒருநாள் சாயங்காலம் வயலுக்குப் போனார். யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தேவை இல்லாமல் போனார். அது அவருக்குச் சங்கடமாக இருந்தது, வழியில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே போனார். மரத்துக்கு எதிரே வரப்பில் உட்கார்ந்தார். இருட்டியதும் சட்டி வாயில் வெள்ளையாக ஏதோ வந்து நின்றது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அது கிளம்பவில்லை. அவரும் அசையவில்லை. வருஷக்கணக்காகப் படுத்த நேரம் வந்ததும் கண் தானாக மூடிக்கொண்டது.

நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்து “ஆசர்” என்று கத்தினார்.

சட்டியிலிருந்து வெள்ளை, சத்தமே இல்லாமல் வெளியேறி விருமாண்டி வயலைத் தாண்டிப் போய்விட்டது. விடியும் வரை திரும்பவில்லை. மறுநாளும் போனார். தூங்கக் கூடாது என்று நின்றுகொண்டே இருந்தார். நின்றபடியே தூங்கி, அதே நேரத்துக்கு அதே குரலைக் கொடுத்தார். மூன்றாம் நாள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு போனார். துண்டு நழுவிவிட்டது.

நான்காம் நாள் வீட்டிலேயே படுத்துக்கொண்டார். விடிந்ததும் சீனியம்மாளிடம் குருவி கத்தியதா என்று கேட்டார். “ரெண்டு பேரும் கத்துனீக,” என்றாள் அவள். அவர் மரத்தடிக்குப் போய் உருண்டைகளைப் பிட்டு எண்ணினார். ஒன்பது தலை இருந்தன.